வலம்புரித்துறை வாயிற்காவலன் காரிக்காக அனுப்பிய மாற்றோலை

கடல் தன் எல்லையை மறவாதிருக்க; மழை தன் மாதத்தை மறவாதிருக்க; ஏழு துறையிலிருந்தும் புறப்பட்ட கலங்கள் புறப்பட்ட ஆட்களோடே திரும்புக.

ஏழ்துறை நாட்டுக்கு இருபத்திரண்டு ஆண்டாகத் தலைமை ஏற்றிருப்பவனும், மாமருதை நகரிலிருந்து ஆணை செலுத்துகிறவனும், சபையாரால் ‘நச்சறுத்தான்’ என்று பட்டம் சூட்டப்பெற்றவனும், அதற்கெல்லாம் முன்னே நாகன்பொற்றை என்னும் சிற்றூரில் பாம்புக்கடிக்கு மருந்து அரைத்தவனுமாகிய வேம்பன் எழுதுவது.

கீழைக்கடல் காக்கும் தண்டநாயகர் நன்னாகன் அவர்களுக்கும், அவர் பாசறைக்கும், அப்பாசறையை அடுத்திருக்கும் வலம்புரித்துறையின் சபையார்க்கும், உமணர்க்கும், பரதவர்க்கும், அவ்வூரில் மிஞ்சியிருக்கும் அனைவர்க்கும் நலம் உண்டாகுக. உம் வீரர் நலமா, உம் குதிரைகள் நலமா என்று முறைப்படி கேட்டேன் என்று கொள்க. ஊர் நலமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பது பின்னே வரும்.

முதலில் வேலை. வருகிற முழுமதி நாளில் வாயிற்காவல் தலைவன் காரியின் தலையை வாங்குமாறு என் முத்திரையிட்ட ஓலை ஒன்று உம் கையில் இருக்கிறது. அதை நிறுத்துக. நம் நாட்டில் முழுமதிக்கு முன் தலை வாங்கும் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை எவன் வைத்தானோ அவன் வம்சம் வாழ்க. இல்லாவிட்டால் இந்த ஓலை ஒரு பிணத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

நிறுத்துக என்று எழுதி முத்திரை வைத்தால் போதுமே, எதற்கு இத்தனை ஏடு என்று நீர் நினைக்கலாம். போதாது. பழைய அரசர் காலத்தில் காலையில் ஓர் ஓலை போகும், மாலையில் அதை மாற்றி வேறோர் ஓலை போகும். நடுவில் யாரோ ஒருவன் அந்தப்புரத்துக்கு முத்துமாலை கொடுத்திருப்பான். ஆகையால் நான் வந்த நான்காம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தேன். முத்திரையிட்ட ஓலையை மாற்ற வேண்டுமானால், மாற்றுகிறவன் காரணம் முழுவதையும் எழுத வேண்டும். அதை ஊர் கூட்டித் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்க வேண்டும். காரணம் மறைத்த மாற்றோலை செல்லாது. பிறரை நம்பாமல் செய்த சட்டம் அது. இப்போது என் கழுத்தையே பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்கிறது. எழுதுகிறேன்.

என் கையாலேயே எழுதுகிறேன். ஓலைநாயகத்தை எழுதச் சொன்னால் என் பிழைக்குப் பட்டு உடுத்தி, பொட்டு வைத்து அனுப்பிவிடுவான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுக.

காரணம் இந்தக் காய்ச்சலில் தொடங்கவில்லை. என்னிடத்தில் தொடங்குகிறது. ஆகவே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

பாம்புக்கடி வைத்தியனுக்கு முதல் பழக்கம் எதிரில் இருப்பவன் வாயை நம்பாதது. நல்லபாம்பு தீண்டியவன் பயத்தில், “ஒண்ணுமில்ல வைத்தியரே, முள்ளு குத்திருச்சு” என்பான். சாரைப்பாம்பு தொட்டவன், “செத்தேன், என் மாட்டை எந்தம்பிக்குக் குடுத்துருங்க” என்று உயில் சொல்வான். இருவர் பேச்சையும் கேட்டு மருந்து கொடுத்தால் முன்னவன் செத்துப்போவான், பின்னவன் மருந்தாலேயே செத்துப்போவான். எனவே கையைப் பிடி, நாடியைப் பார், பேச்சைக் காற்றில் விடு என்பதே எங்கள் தொழில். முப்பது ஆண்டு அப்படி இருந்தவனுக்கு மனிதர் பேச்சு என்றாலே பாதி பொய் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. குமிழன் என்றொரு ஆட்டிடையனைக் கணுக்காலில் விரியன் கடித்தது. கடிவாய்க்கு மேலே கொடியால் இறுக்கிக் கட்டினேன். நஞ்சு ஏறாமல் தடுப்பதற்கு அந்தக் கட்டு. நாழிகைக்கு ஒருமுறை தளர்த்திவிட வேண்டும். நான் கட்டிவிட்டு வேர் பறிக்க மலைக்குப் போனேன். ஓடையில் வெள்ளம் வந்தது. மறுநாள் உச்சியில்தான் திரும்ப முடிந்தது. நஞ்சு ஏறவில்லை. ஆனால் கால் கரிக்கட்டை போலிருந்தது. முழங்காலோடு அறுத்தோம். அவனுக்கு நினைவு வந்ததும் என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அவன் சிரித்தபடி, “கட்டிட்டுப் போயிர்றதுக்கு நீ எதுக்குய்யா? கயிறே போதுமே” என்று சொன்னான். அதன் பின்பு ஐம்பதாண்டு, கட்டுப் போட்ட ஒருவனையும் விட்டு நான் நகர்ந்ததில்லை. இவ்வாண்டு வரைக்கும்.

நான் எப்படித் தலைவன் ஆனேன் என்பது இளையவர் பலருக்குக் கதையாகத்தான் தெரியும். கதையில் என்னை யானை மேல் ஏற்றியிருக்கிறார்கள். யானை இல்லை. பழைய அரசர் பிள்ளையின்றி இறந்தார். அவருடைய இரண்டு மருமக்கள் மூன்றாண்டு சண்டையிட்டார்கள். ஆற்றுத்துறையில் நான் ஒரு பந்தல் போட்டுக் காயம்பட்டவர்களைக் கிடத்தினேன். பேன் பிடித்த துணியை எல்லாம் முதல் நாளே கொளுத்திவிடுவேன். அதில் இந்தப் பக்கத்துச் சின்னமும் போகும், அந்தப் பக்கத்துச் சின்னமும் போகும். ஒருநாள் படைத்தலைவன் ஒருவன் வாளோடு வந்து, எதிரியின் ஆட்கள் யார் யார் என்று காட்டும்படி கேட்டான். “எல்லாரும் அம்மணமாத்தான் கெடக்கான். ஒனக்கு அடையாளம் தெரிஞ்சா நீயே பொறுக்கிக்க” என்று சொன்னேன். அவன் பந்தலை இருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போய்விட்டான். அந்தப் பந்தலில் கட்டில் தூக்கிய பொடியர்களுக்கெல்லாம் நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கை போதவில்லை என்பதால். அப்படித் தூக்கியவர்களில் ஒருவன்தான் இந்தக் காரி.

மருமக்களில் ஒருவன் அம்பு தைத்து மாண்டான். மற்றவன் என் பந்தலில் வயிற்றுக்கடுப்பில் போனான். அரசாள வந்தவன் அப்படிப் போனதைப் பாடப் புலவருக்கு மனம் வரவில்லை போலும், யாரும் பாடவில்லை. பின்பு ஏழு துறையாரும் கூடிப் பதினொரு நாள் பேசினார்கள். ஒரு துறையான் சொன்ன ஆளை மற்ற ஆறு துறையானும் தள்ளினான். கடைசியில் அலுத்துப்போய், எவனுக்கும் உறவில்லாதவன், எல்லார் கையையும் பிடித்துப் பார்த்தவன் என்று என்னைச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அதைப் பணிவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பணிவு அல்ல, பயம். ஆறு மாதம் மட்டும் இரும் என்றார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஆட்சியையும் வைத்தியம் போலத்தான் செய்தேன். ஏரி உடையவில்லை என்று ஓலை வந்தால் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரையில் கால் வைத்துப் பார்ப்பேன். கிணறு தோண்டியாயிற்று என்றால் வாளி விட்டுப் பார்ப்பேன். அதிகாரிகள் என்னைத் திட்டினார்கள். நாடு ஓரளவு நன்றாக இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன்னே முழங்கால் இரண்டும் போய்விட்டன. பல்லக்கில் தூக்கினால் இடுப்பு தாங்கவில்லை. அது முதல் நாட்டை நான் ஓலையில் பார்க்கிறேன். கையைப் பிடிக்காமல், நோயாளியின் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சையும் நம்பாமல் மருந்து சொல்லும் வைத்தியனாக ஆனேன். அந்த வைத்தியன் எப்படிப்பட்டவன் என்பதை நானே பிறருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி உங்கள் ஊர்.

ஆனித் திங்களில் வெளிநாட்டுக் கலம் ஒன்று வலம்புரித்துறையில் காய்ச்சலை இறக்கியது. உடம்பில் செம்புள்ளி கண்டு ஆறாம் நாள் ஆள் போய்விடும் காய்ச்சல். வணிகத்தலைவன் எனக்கு ஓலை எழுதினான்: காய்ச்சல் என்பது வதந்தி, மாலுமிகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வந்த வாந்தி, வேறொன்றும் இல்லை என்று. அழகான எழுத்து. நான் நம்பாமல் இரண்டு வைத்தியரை அனுப்பினேன். ஒருவன் திரும்பி வந்தான். அன்றே ஊரின் பெருங்கதவை அடைக்கச் சொன்னேன்; ஆற்றுவாயில் சங்கிலி போடச் சொன்னேன். வெளிப்புறத்துக் காவலுக்குக் காரியை வைத்தேன். என் முத்திரை வராமல் கதவு திறக்கக்கூடாது, திறந்தவன் தலை போகும் என்று ஆணை கொடுத்தேன்.

இதற்கு நான் வருந்தவில்லை என்பதை ஊரார் கேட்டுக்கொள்க. கடிவாய்க்கு மேலே கட்டுப் போட வேண்டும். போட்டதால் மற்ற ஆறு துறையிலும் ஒருவனுக்கும் காய்ச்சல் வரவில்லை. உள்ளே அறுபத்துமூன்று பேர் காய்ச்சலில் இறந்தார்கள். அவர்களுக்காக அழுகிறேன், ஆனால் அந்தக் கணக்கு காய்ச்சலுடையது.

பத்தொன்பதாம் நாள் ஊர்ச்சபையார் மதிலுக்கு மேலே கூடை இறக்கி ஓர் ஓலை கொடுத்தார்கள். ஒன்பது நாளாகப் புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, கதவைத் திறக்க வேண்டும் என்று. அது என் முன் வாசிக்கப்பட்டபோது நான் சிரித்தேன். முள்ளு குத்தியது என்பவனை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று அமைச்சர் கண்ணந்தையிடம் சொன்னேன். முதலில் இதே ஊர்தானே பொய் எழுதியது?

பின்பு இரண்டாம் ஓலை: களஞ்சியத்தில் நெல் இல்லை என்று. துறை அதிகாரி சித்திரையில் அனுப்பிய ஓலை என்னிடம் இருந்தது. ஆறு மாதத்துக்கு நெல் இருப்பு என்று அதில் கண்டிருந்தது. நெல்லை வைத்துக்கொண்டே பசி என்கிறார்கள் என்றேன். அந்த நெல்லைக் கதவு அடைபடுமுன் வணிகத்தலைவன் தன் கலத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஆயுள் முழுக்க எவனையும் நம்பாதவன், நம்பக்கூடாத ஒரே ஓலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஓலை, நான்காம் ஓலை, ஐந்தாம் ஓலை. ஐந்தாம் ஓலையில் எழுத்து சரியாக இல்லை; எழுதியவன் கை நடுங்கியிருந்தது. அதைக் கூட நாடகம் என்று நினைத்தேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் காரி என்ன செய்தான் என்பதை ஊரார் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். ஆயினும் சட்டப்படி நான் எழுத வேண்டும். பெருங்கதவில் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாயில் ஒன்று உண்டு. அதிலும் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அந்தத் துளை வழியாக ஒவ்வொருவரையும் கையை நீட்டச் சொல்லி, வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, விடிந்தது முதல் பொழுது சாயும் வரை நாடி பார்த்திருக்கிறான். பின்பு கதவைத் திறந்தான். திறந்துவிட்டு எனக்கு எழுதினான். அந்த ஓலையை அப்படியே கீழே பெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

“நூற்றுப்பன்னிரண்டு கை பார்த்தேன். ஒன்றிலும் காய்ச்சல் இல்லை. பசிதான் இருக்கிறது. உம்மைக் கேட்டுப் பதில் வர ஆறு நாள் ஆகும். ஆறு நாள் இவர்களில் பலருக்கு இல்லை. கதவைத் திறந்துவிட்டேன். கணையமரத்தை இறக்கிப் பிளந்து கஞ்சிக்கு அடுப்பெரித்துவிட்டேன். ஏனென்றால் மறுபடி பூட்டச் சொல்வீர் என்று எனக்குத் தெரியும்.”

கணையமரம் என்பது கதவுக்குக் குறுக்கே போடும் மரம். மூன்று ஆள் பருமன். அது இல்லாமல் அந்தக் கதவைப் பூட்ட முடியாது.

கதவைத் திறந்ததற்கு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தலையை வாங்கச் சொன்ன கோபம் அந்தக் கடைசி வரியால் வந்தது. என்னை நன்றாக அறிந்த ஒருவன் எழுதிய வரி அது. சாப்பிட்ட கையைக் கழுவுமுன்னே ஆணை கொடுத்தேன். காவலன் ஒருவன் தன் மனம்போல் திறந்தால் நாளைக்கு எந்தக் கதவும் கதவு அல்ல என்று காரணம் சொன்னேன். காரணம் நல்ல காரணம்தான். அதனால்தான் அதை நம்ப வேண்டாம் என்கிறேன்.

அதற்கு ஏழாம் நாள் முள்ளி வந்தாள். உங்கள் ஊர் உப்பு விற்கிற முள்ளி. கிழக்குப் பாத்தி உமணன் கோடன் மனைவி. மாமருதையில் இன்றும் விடியலில் அரண்மனை வாயிலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நாடி பார்க்கிறேன். எவர் வேண்டுமானாலும் வரிசையில் வந்து கையை நீட்டலாம், எவரும் தடுக்கக்கூடாது. அந்த வரிசையில் அவள் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பிச்சைக்காரி என்று நினைத்து யாரோ ஒருவன் உள்ளங்கையில் பழம் வைத்திருக்கிறான். எடுத்து அவன் முதுகில் எறிந்தாள். “நாடி பாக்க நீட்டுன கைய்யா இது. ஒனக்குப் புண்ணியம் வேணும்னா வேற கையத் தேடு” என்று அவள் கத்தியது என் காதில் விழுந்தது.

கையைப் பிடித்தேன். பசி ஒருமாதிரி நாடியில் தங்கும். பின்பு பத்து நாள் சோறு தின்றாலும் அது போகாது. ஓடி வந்தவன் நின்ற பிறகும் மூச்சு வாங்குவது போல அடியில் ஒரு துடிப்பு இருக்கும். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

“இப்ப சாப்பிட்டுக்கிட்டுத்தான் வாறேன். ஒம்போது நாள் நடை. வழியெல்லாம் சனங்க சோறு போட்டாக. அதுக்கு முந்தி எத்தன நாளுன்னு ஒமக்குத்தான ஓலை போட்டோம்? அஞ்சு ஓலை.”

நான் கையை விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்டேன்.

“எம்புருசன் காய்ச்சல்ல போனாரு. அதுக்கு ஒம்மள ஒண்ணும் சொல்லல. காய்ச்சலு அரசனப் பாத்தா வருது? அது போன பொறவு எம்மாமியா போனா. பொறவு எம்மவ. ஏழு வயசு. அவளுக்குக் காய்ச்சலு வரவே இல்ல வைத்தியரே.”

எனக்குப் பட்டம் இருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை. வைத்தியரே என்று கூப்பிட்டாள். தலைவனே என்று கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் என்ன செய்தால் உனக்கு ஆறும் என்று கேட்டது என் முட்டாள்தனம். அவள் கையை உருவிக்கொண்டாள். “செத்தவுகளக் கேட்டு நான் வரல. கையப் பிடிக்காம மருந்து சொல்ல மாட்டாருன்னு ஒம்மப் பத்தி ஊரெல்லாம் பேச்சு. எங்க கைய யாரு பிடிச்சா? காரி பிடிச்சான். அவன் இன்னும் சாவல. அதுக்குத்தான் வந்தேன்.”

அதன்பின் பெயர்களைச் சொன்னாள். காய்ச்சல் போன பிறகு பசியில் இறந்த நாற்பத்தொரு பேர். எழுதிவைத்துப் படிக்கவில்லை, தெரு தெருவாக, வீடு வீடாக, நடந்து போகிறவள் போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். தன் வீட்டுக்கு வந்தபோது நிறுத்தாமல் அதையும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

அமைச்சர் கண்ணந்தையோடு அன்று நெடுநேரம் பேச்சு. அவர் கெட்டவர் அல்லர். தலைமை தவறியது என்று ஓலையில் ஏறினால், நாளை நல்ல ஆணைக்கும் மக்கள் பணியமாட்டார் என்றும், ஆகையால் பிழை என்று எழுதாமல், காரி முன்செய்த தொண்டை எண்ணி மன்னித்தோம் என்று எழுதுவதே ஆட்சிக்கு அழகு என்றும் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். மன்னித்தேன் என்று எழுதினால் குற்றம் அவனுடையதாகவே நிற்கும். தலை மட்டும் கழுத்தில் இருக்கும். சாகிற வரைக்கும் மன்னிக்கப்பட்டவன் என்ற பெயரோடு திரிவான். நோயாளி பிழைத்ததற்கு அவனிடமே மன்னிப்புக் கேட்கச் சொல்வது போலிருக்கிறது இது. அடுத்த வாயிற்காவலனும் இப்படித் திறந்தால் என்ன செய்வீர் என்று அமைச்சர் கேட்டார். நூற்றுப்பன்னிரண்டு கை பிடித்துப் பார்த்துவிட்டுத் திறந்தால் திறக்கட்டும் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே காரணம் இது. காய்ச்சல் நின்றது பத்தாம் நாள். அதை எனக்கு எழுதியவர்கள் மெய்யை எழுதினார்கள். முப்பத்துமூன்று நாள் அதிகமாகக் கட்டை இறுக்கியபடி விட்டவன் நான். நாற்பத்தொரு பேர் இறந்தது என் ஆணையால். காரி செய்தது நான் செய்யத் தவறியது. தவற்றுக்கு இதற்குமேல் எனக்குச் சொல் தெரியாது. தெரிந்த சொல் எல்லாம் எழுதிவிட்டேன். கை வலிக்கிறது.

இனி ஆணை.

காரியின் விலங்கை இந்த ஏடு வாசித்து முடிந்த இடத்திலேயே, ஊரார் முன்னிலையில் அறுக்க. அவன் குற்றமற்றவன். மன்னிக்கப்பட்டவன் என்று எவனேனும் சொன்னால் சொன்னவனைத் திருத்துக.

நாற்பத்தொரு பெயரும் இதனோடு கட்டிய தனி ஏட்டில் உள்ளன. அவற்றை உரக்க வாசிக்க. பெயருக்கு முன்னும் பின்னும் என் பட்டங்களைச் சேர்க்க வேண்டாம்.

நெல்வண்டி அறுபது புறப்பட்டுவிட்டது. அண்டை ஊர்கள் அதற்குள் என்ன கொடுத்தனவோ அறியேன். இன்னும் எழுந்து நடக்காதவர் எவரேனும் இருந்தால் அவர்க்குச் சோறு போடாதீர். கஞ்சித்தெளிவு, உப்பு, நாளுக்கு ஆறு வேளை, ஆழாக்குக்கு மேல் இல்லை. பாவம் என்று அள்ளிப் போட்டால் அதுவே கொல்லும். இதை மட்டும் வைத்தியன் சொல்கிறான் என்று கேட்பீராக.

இந்நாட்டில் இனி நோய்க்காக ஓர் ஊரை அடைக்க நேருமானால், அடைக்க ஆணையிட்ட தலைவனோ அவன் வீட்டார் ஒருவரோ கதவு மூடும்போது உள்ளே இருக்க வேண்டும். இது சட்டம். சபையார் கூடி இதை ஒப்புவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆயினும் என் பெயரால் எழுதிவைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நன்னாகரே, கோபிக்க வேண்டாம்; உம்மையும் நான் முழுக்க நம்பவில்லை. கண்ணந்தையையும் நம்பவில்லை. இந்த ஓலை புறப்பட்ட மறுநாளே, கிழவன் மனம் மாறிவிட்டான், முழுமதியில் முடித்துவிடுக என்று நாகரிகமாக மற்றோர் ஓலை உமக்கு வரக்கூடும். அதற்கும் ஒரு காரணம் எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். முத்திரையும் அரண்மனையில் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆகவே முத்திரையை இங்கே வைக்கவில்லை. இந்த ஏட்டில் பதித்துவிட்டு, முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஓலைச்சுருளின் கயிற்றிலே கோத்துக் கட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டு விரலில் கிடந்தது. எண்ணெய் விட்டுத்தான் கழற்ற முடிந்தது.

அந்த மோதிரத்தைக் காரியின் கையில் கொடுக்க. வேறெவர் கையிலும் கொடுக்காதீர். நல்ல குதிரை கொடுத்து, இரண்டு ஆள் துணை கொடுத்து, அவனே மாமருதைக்குக் கொண்டுவரச் செய்க. வந்ததும் ஏழு துறையாரையும் கூட்டி, அதை அடுத்து யார் விரலில் போடுவது என்று கேட்பேன். என் விரலில் இல்லை. அவன் வந்து சேரும் நாள்வரை இந்நாட்டில் ஓர் ஓலைக்கும் முத்திரை கிடையாது. வரி நிற்கும், வழக்கு நிற்கும், கலங்கள் துறையிலேயே நிற்கும். நிற்கட்டும். அவன் உயிரோடு வந்தால்தான் இந்த நாடு மறுபடி நகரும் என்பதை அங்கிருப்பவர்க்கும் இங்கிருப்பவர்க்கும் ஒருசேர அறிவித்தேன்.

வாசித்தவன் வாய்க்கும், கேட்டவர் காதுக்கும், விலங்கு அறுத்த கைக்கும் நலம் உண்டாகுக. ஆவணித் திங்கள் வளர்பிறைப் பத்தாம் நாள், மாமருதையில், வேம்பன் கை எழுத்து. இதன்மேல் இட்ட முத்திரையே என் கடைசி முத்திரை.